மாவுக்கட்டுக்காரர் செய்த தலைகாணி மிட்டாய்

உடைந்த கைகால்களுக்கு மாவுக்கட்டுப் போடுவதையே ஆயுசு முழுக்க வேலையாக வைத்திருக்கும் மனிதரை வேறு எப்படி அழைப்பது? பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் மாவுக்கட்டுக்காரர். குடியிருக்கும் கட்டடத்திலும் அதே பெயர்தான். தபால்காரர்கூட "மாவுக்கட்டு வீடு எந்த மாடி?" என்று கேட்டுக்கொண்டுதான் ஏறி வருவார். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

வயது ஐம்பத்தெட்டு. அகலமான கைகள், நகக்கண்களில் எப்போதும் வெள்ளை. கால்சட்டையில் முழங்காலுக்குக் கீழே சொட்டுச் சொட்டாகக் காய்ந்த மாவு. பேச்சு மிகவும் குறைவு. கட்டுப் பிரிக்க வருகிறவர்கள் கட்டை வெட்டும் மின்ரம்பத்தின் சத்தத்தைக் கேட்டே பாதி உயிரை விட்டுவிடுவார்கள். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லமாட்டார். ஓடுகிற ரம்பத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்திக் காட்டுவார். அது தோலை ஒன்றும் செய்யாது, கெட்டியானதைத்தான் வெட்டும். காட்டிவிட்டுப் பேசாமல் வேலையைத் தொடங்குவார்.

பேசுகிற வேலையை அவர் மனைவி மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். ஆயத்த ஆடைப் பட்டறையில் காலர் தைக்கிறவள். வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள் இரைகிற கூடத்தில் பேசிப் பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான். "ஊருல உள்ளவங்க எலும்பை எல்லாம் ஒட்ட வைப்பீங்க, இந்த அலமாரிக் கதவை மட்டும் ஒட்ட வைக்க மாட்டீங்க" என்பாள். அவர் தலையாட்டுவார். கதவு தொங்கியபடியே இருக்கும்.

அவள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் எடுத்துவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகளும் மருமகனும் வந்துசேரும் வரை பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அழவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "அடக்கி வைக்காதீங்க, வாய்விட்டு அழுதுடுங்க." அடக்கி வைக்க அவரிடம் ஏதாவது இருந்தால்தானே! உள்ளே தேடிப் பார்த்தார். பூட்டிப் போட்ட வீடு மாதிரி சத்தமே இல்லை. நாற்காலிகளை எங்கே அடுக்குவது என்று கேட்ட பையன்களுக்கு இடம் காட்டினார், வந்தவர்களுக்கு டீ போதுமா என்று பார்த்தார். துக்க வீட்டில் இப்படி நிதானமாக நடமாடுகிற ஆளை ஜனங்கள் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

அவளை அனுப்பிவைத்த மறுநாள் காலையில் அவர் துவைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அழுது அழுது விடியற்காலையில் கண்ணயர்ந்த மகள் எழுந்து வந்தபோது மேசையில் ரொட்டியும் டீயும் மூடி வைக்கப்பட்டிருந்தன. அப்பாவைக் காணோம். எங்கே போனார் என்று கீழ்வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தொலைபேசி. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் அந்தப் பேச்சில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் வார்டைச் சுற்றிவரும்போது கேட்பது போல எல்லாம் கேட்பாள்.

வருடக் கடைசி விடுமுறை நெருங்கியது. கடைத்தெருவில் வண்ண விளக்குகளைத் தொங்கவிட ஆரம்பித்தார்கள். மருத்துவமனையில் யார் யாருக்கு என்றைக்கு லீவு என்று சண்டை நடந்தது. அவர் மகளை அழைத்தார்.

"இந்த லீவுக்கு எப்பம்மா வர்றீங்க?"

"வரலைப்பா."

"மாப்பிள்ளைக்கு வேலையா?"

"அவருக்கு லீவுதான். எனக்குத்தான் வர வேண்டாம்னு இருக்கு."  அதற்கு மேல் அடக்க முடியாமல் கொட்டிவிட்டாள். "அம்மா இருந்தா இந்நேரம் தலைகாணி செஞ்சு டப்பா டப்பாவா அடுக்கியிருப்பா. இப்ப அங்க வந்து யார் முகத்தைப் பாக்கிறது? உங்க முகத்தையா? அதுல பாக்க என்னப்பா இருக்கு?"

"சரிம்மா."

"பாத்தீங்களா, இதுக்கும் சரிதான். அப்பா, எங்கம்மா போனது உங்களுக்கு வலிச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அது தெரியாம அந்த வீட்டுக்குள்ள என்னால வந்து உக்கார முடியாது. நான் இனிமே வரவே மாட்டேன்னு நெனச்சுக்கோங்க."

வைத்துவிட்டாள். அவர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றார். மகள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதே கேள்வி அவருக்கும் இருந்தது என்பதுதான் விஷயம். அடிபட்டு வருகிறவர்களில் பலர் முதலில் வலியே இல்லை என்பார்கள். உடைந்த இடம் மரத்துப் போயிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வலி வந்து ஆளைச் சுருட்டிவிடும். அதை அவர் ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். ஆனால் எட்டு மாதம் மரத்துக் கிடக்கிற முறிவை அவர் பார்த்ததே இல்லை. ஒருவேளை தன்னிடம் உடைவதற்கே ஒன்றும் இல்லையோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. முப்பத்திரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளை உண்மையிலேயே நேசிக்கவில்லையோ? இந்தப் பயம்கூட எங்கோ தூரத்தில், அடுத்த வீட்டு வானொலியைப் போலத்தான் கேட்டது.

வலித்ததா என்று கேட்டால் எடுத்துக் காட்ட அவரிடம் எதுவும் இல்லை. தலைகாணி இல்லை என்றால் செய்து பார்க்கலாம். அவருக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

தலைகாணி என்றால் பயந்துவிட வேண்டாம். கடையில் பையில் போட்டு விற்கிற மார்ஷ்மெல்லோதான். மகள் சின்னவளாக இருந்தபோது ஒன்றை எடுத்துத் தன் பொம்மையின் தலைக்கு வைத்துத் தூங்கப் பண்ணினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு அதுதான் பெயர். மனைவி கடைச் சரக்கை ஒப்புக்கொள்ளமாட்டாள், ரப்பரைச் சர்க்கரையில் புரட்டி விற்கிறான் என்பாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் வீட்டிலேயே மூன்று தட்டு செய்வாள். ஸ்ட்ராபெரி அக்கம்பக்கத்துக்கு. எலுமிச்சை அவளுக்கு. மூன்றாவது பழுப்பு நிறத் தட்டு மகளுக்கு மட்டும். அவருக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது. துண்டு போடும்போது மிஞ்சுகிற ஓரங்களை வாயில் போட்டுக்கொள்வார்.

மறுநாள் கட்டுப்போடும் அறையில் பஞ்சுச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்த சிஸ்டரிடம் கேட்டார். அவருடன் பதினைந்து வருடமாக வேலை பார்க்கும் நர்ஸ். அவர் வாயிலிருந்து முழு வாக்கியம் வருவதே அபூர்வம் என்று தெரிந்தவர்.

"சிஸ்டர், மார்ஷ்மெல்லோ செய்யத் தெரியுமா?"

"எதுக்குண்ணே? மாவு ஸ்டாக் தீந்துபோச்சா?"

அவர் சிரிக்கவில்லை. சிஸ்டர் சுருளைக் கீழே வைத்தார்.

"பொண்ணுக்கா?"

"ம்."

"ஒரு தடவை செஞ்சிருக்கேன். ஜெலட்டினைத் தண்ணில ஊற வைக்கணும். சர்க்கரையும் குளுக்கோஸ் சிரப்பும் சேத்துப் பாகு காச்சணும், உருட்டுப் பதம். கொதிக்கக் கொதிக்க ஜெலட்டின்ல ஊத்திக்கிட்டே பீட்டரால அடிக்கணும். அடி அடின்னு அடிக்கணும். பொங்கி வெள்ளையா வரும். அப்புறம் எசென்ஸ். தட்டுல சோளமாவு தூவி ஊத்தி, ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலைல துண்டு போட்டா ஆச்சு."

"அடிக்கிறது எனக்குத் தெரியும்" என்றார் அவர்.

உண்மைதான். அத்தனை வருடமும் அடிக்கிற வேலை அவருடையது. மனைவிக்குத் தையலால் தோள்பட்டை வலி. பாகு காய்ச்சிக் கொண்டுவந்து, "வாங்க, உங்க வேலை வந்தாச்சு" என்று பீட்டரைக் கையில் கொடுப்பாள். முன்னால் நடந்ததும் தெரியாது, பின்னால் நடந்ததும் தெரியாது. நடுவில் ஒரு கால்மணி நேரம் மட்டும் அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான்களைச் சமையல் மேடையில் பரப்பினார். ஜெலட்டின் பொடி, சர்க்கரை, கண்ணாடிப் புட்டியில் சிரப், எசென்ஸ் இரண்டு, காபிப் பொடி. முதல் தட்டு தொடக்கத்திலேயே கெட்டது. மாவுக்கட்டுத் துணியை நனைக்கும் தண்ணீர் சூடாக இருந்தால் கட்டு சீக்கிரம் இறுகும், இது அவர் கை முப்பது வருடமாக அறிந்த பாடம். இறுக வேண்டிய சாமான்தானே இதுவும் என்று வெந்நீர் போட்டு ஜெலட்டினில் ஊற்றினார். பச்சைத் தண்ணீர் என்று சிஸ்டர் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, யாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டார். பொடி மேலே திரண்டு மீன் கண் மாதிரி கட்டி கட்டியாக மிதந்தது. கரண்டியால் நசுக்கினார், வழுக்கிக்கொண்டு ஓடியது. வடிகட்டினார், வடிகட்டி அடைத்துக்கொண்டது. அதைக் கழுவவே அரைமணி நேரம் பிடித்தது.

இரண்டாவது தட்டுக்குப் பச்சைத் தண்ணீர். ஜெலட்டின் ஒழுங்காக ஊறிப் பஞ்சாக உப்பியது. பாகு கொதித்தது. ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினார், மெத்தென்று உருண்டு வந்தது. பதம் பார்ப்பதில் அவர் யாருக்கும் சளைத்தவர் இல்லை. பாகைச் சன்னமாக ஊற்றிப் பீட்டரை ஓடவிட்டார்.

இங்கேதான் அவருக்குத் தெரிந்த கால்மணி நேரம். பீட்டர் இரைந்தது. கலங்கலாக இருந்த குழம்பு வெளுத்தது, நுரைத்தது, பொங்கியது, கனத்தது. அவர் வழக்கப்படி இடதுகையால் பாத்திரத்தை அணைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கொடியில் தொங்கும் சட்டைகளைப் பார்த்துக்கொண்டு அடித்தார். இந்த நேரத்தில்தான் மனைவி பக்கத்தில் நின்று வாய் ஓயாமல் பேசுவாள். பட்டறைக் கதை, மகள் கதை, கீழ்வீட்டுக்காரி குழாயடியில் சொன்ன கதை. பீட்டர் சத்தத்தில் அவர் காதில் ஒன்றும் விழாது. விழாவிட்டாலும் தலையாட்டிக்கொண்டே இருப்பார். பிறகு அவள் அவர் முழங்கையைத் தட்டி "போதும்" என்பாள். அவர் நிறுத்துவார்.

அவர் அடித்தார். சட்டைகள் ஆடின. குழம்பு கம்பிகளைப் பிடித்து இழுத்தது, பீட்டர் முனகியது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். பாத்திரம் முழுவதும் ஒரே உருண்டையாகத் திரண்டு பீட்டரோடு சுழல ஆரம்பித்தது. மோட்டாரிலிருந்து தீய்ந்த வாசனை வந்தபோதுதான் திடுக்கிட்டு நிறுத்தினார். முழங்கையைத் தட்ட ஆள் வரும் என்றல்லவா காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்!

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். அவருக்கே அது தெரிந்தது. இதுதான் அந்த இடம், இப்போது வரும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்தும் பார்த்தார். வரவில்லை. கம்பியில் இறுகிப் பிடித்திருந்ததைக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தார். அது வரவும் இல்லை, விடவும் இல்லை. வெந்நீரில் போட்டுவைத்துவிட்டு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். எட்டு மாதமாகச் சாப்பாட்டில் உப்பு உறைப்பு எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. நேரத்துக்கு நேரம் சாப்பிட்டு முடிப்பார்.

மூன்றாவது தட்டுக்கு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார். கண்ணைப் பாத்திரத்தை விட்டு எடுக்கவில்லை. குழம்பு தூக்கினால் பட்டையாக விழுந்து மேலேயே மடிந்து நிற்கும் பதம் வந்தது. விரலால் ஒரு கோடு இழுத்தார், கோடு மூடவில்லை. "போதும்" என்று வாய்விட்டுச் சொன்னார். அறையில் அது யாரோ வேற்று ஆளின் குரலாகக் கேட்டது. நிறுத்திவிட்டு, கெட்டியாகக் கரைத்து வைத்திருந்த காபியை ஊற்றிக் கலந்தார். மகளின் தட்டு பழுப்பு நிறம், ஓரங்களில் லேசான கசப்பு, அது காபி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

தட்டில் ஊற்றியதும் கை சும்மா இருக்கவில்லை. எண்ணெய் தொட்ட உள்ளங்கையால் மேற்பரப்பைத் தடவித் தடவி வழவழப்பாக்கினார். மறுநாள் விடிந்ததும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், கட்டு காய்ந்துவிட்டதா என்று அப்படித்தான் பார்ப்பார். மார்ஷ்மெல்லோ சத்தம் எதுவும் கொடுக்காமல் அமுங்கி எழுந்தது. கத்தியால் துண்டு போட்டதும் ஒவ்வொன்றின் ஓரமும் கூராக நின்றது. அது அவருக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றொன்றாக எடுத்து, கட்டைவிரலால் நாலு ஓரத்தையும் உருட்டி மழுக்கினார். கட்டின் ஓரம் கூராக இருந்தால் நோயாளியின் தோல் உரிந்து புண்ணாகிவிடும். மிட்டாய் யார் தோலை உரிக்கப்போகிறது? ஆனாலும் கையை யார் நிறுத்துவது? சோளமாவும் பொடித்த சர்க்கரையும் கலந்து புரட்டினார். டப்பாவில் அடுக்கினார். இரண்டு துண்டைச் சிஸ்டருக்குத் தாளில் மடித்துக் கொண்டுபோனார்.

சிஸ்டர் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"காபி தூக்கலா இருக்குண்ணே. இதைத் தின்னுட்டு ஒருத்தரும் தூங்க முடியாது. ஆனா நல்லாத்தான் இருக்கு. நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "மெத்துனு இருந்துச்சு."

 சிஸ்டர், மத்தியானத்துக்கு மேல் வரவேண்டிய நோயாளிகளைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவரைக் கிளப்பிவிட்டார்.

மகள் வீட்டுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். விடுமுறைக் கூட்டம், ஆளுக்கு இரண்டு பை. டப்பா நசுங்கிவிடும் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். சொல்லாமல் போவது சரியா என்று வழி நெடுக யோசனை. சொன்னால் வேண்டாம் என்பாள். கதவைத் திறந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், டப்பாவையாவது வாங்கிக்கொள்வாள். அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மகள் கதவைத் திறந்தாள். கையில் ஈரத் துணி, ஜன்னல்களைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பாவையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, வழியையும் மறிக்கவில்லை. உள்ளே நடந்தாள். அவர் பின்னால் போனார். மருமகன் கடைக்குப் போயிருந்தார். சமையலறை மேசையில் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

"என்னது?"

"தலைகாணி."

"கடையில வாங்குனதா?"

"செஞ்சேன்."

அவள் மூடியைத் திறந்தாள். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வழவழப்பான தலை, மழுங்கிய ஓரங்கள். தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள்.

"என்னப்பா இது, மாவுக்கட்டுக்கு ஓரம் மடிக்கிற மாதிரி மடிச்சிருக்கீங்க!"

"கூரா இருந்துச்சு."

கடித்தாள். மென்றாள். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

"இதுல காபியா போட்டீங்க?"

"உன்னோட தட்டு காபிதானேம்மா."

"அம்மா காபியே போட்டதில்லப்பா. சர்க்கரையைக் கருக்கிப் போடுவா. கருகற வரைக்கும் விட்டு, தீயறதுக்கு முன்னாடி இறக்கணும், அதுலதான் எல்லாமே இருக்குன்னு வருஷா வருஷம் சொல்லுவா. உங்ககிட்டயும்தான் சொல்லுவா. நீங்க அடிச்சுக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டே இருப்பாளே. நீங்களும் தலையாட்டுவீங்களே!"

"பீட்டர் சத்தத்துல அவ சொன்னது ஒண்ணும் எனக்குக் கேட்டதில்லம்மா."

"அப்புறம் எதுக்குத் தலையாட்டினீங்க?"

"ஆட்டலைன்னா பேச்சை நிறுத்திடுவா."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த பாதித் துண்டை டப்பா மூடியின் மேல் வைத்தாள். சோளமாவு மேசையில் சிந்தியது, அதை விரலால் ஓரமாகக் கூட்டினாள்.

"அன்னைக்கு ஏம்ப்பா வேலைக்குப் போனீங்க? அம்மாவை அனுப்பி முழுசா ஒரு நாள் ஆகலை. எந்திரிச்சுப் பாத்தா நீங்க இல்லை. ரொட்டியும் டீயும் இருக்கு. நான் அந்த ரொட்டியைப் பாத்துக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு எட்டு மாதத்தில் அவர் பல பதில்களை யோசித்துப் பார்த்திருந்தார். ஆள் குறைவு, நோயாளிகள் காத்திருந்தார்கள், வீட்டில் இருக்க முடியவில்லை. எதுவும் பொய்யில்லை, எதுவும் பதிலும் இல்லை. இப்போது அவர் யோசிக்கவில்லை. கைகளை மேசை மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு சொன்னார்.

"மாவு இறுகும்போது சூடாகும்மா. நனைச்சுச் சுத்தினதும் ஜில்லுனு இருக்கும். கொஞ்ச நேரம் கையால புடிச்சுக்கிட்டே இருந்தா உள்ள இருந்து சூடு வரும். நல்ல சூடு, ஒடம்புச் சூட்டுக்கு மேல. உங்கம்மா கையை நீங்க வர்ற வரைக்கும் நான்தான் புடிச்சிருந்தேன். அது ஜில்லுனு ஆயிட்டே போச்சு. நான் விடாமத்தான் புடிச்சிருந்தேன். சூடு வரலை." உள்ளங்கைகளைப் பார்த்தார். "மறுநாள் எந்திரிச்சதும் என் கையில அந்தச் சில்லுதான் இருந்துச்சு. வெந்நீர்ல கழுவியும் போகலை. வேலைக்குப் போனேன். மணிக்கட்டு ஒடஞ்ச ஒரு பெரியவர் வந்தார். கட்டுப் போட்டுட்டு, இறுகற வரைக்கும் புடிச்சுக்கிட்டு நின்னேன். சூடு வந்துச்சு. அதுக்குத்தான் போனேன்னு அப்ப எனக்கே தெரியாது."

இவ்வளவு நீளமாக அவர் பேசி மகள் கேட்டதே இல்லை. அவளுக்கு முகம் கோணியது. எதிரே மல்லாந்து கிடந்த அந்த அகலக் கைகளைப் பார்த்தாள், நகக்கண்ணில் வெள்ளை. தொடலாமா என்று அவள் கை மேசைப் பாதி வரை வந்து நின்றது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போய்விட்டது.

"அழுதீங்களாப்பா? அதுக்கப்புறமாவது? யாரும் இல்லாதப்ப?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். எவ்வளவு சின்ன வார்த்தை. அவள் முகம் அதற்காகத்தான் ஏங்கிக்கொண்டு இருந்தது, அவருக்கும் அது தெரிந்தது. சொன்னால் எல்லாம் இந்த மேசையிலேயே முடிந்துவிடும். மகள் திரும்பி வந்துவிடுவாள்.

"இல்லம்மா" என்றார். "இன்னும் வரலை."

தெருவில் ஏதோ வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் வந்து நின்றது. மகள் மூக்கை உறிஞ்சினாள். டப்பாவை இழுத்து இன்னொரு துண்டை எடுத்தாள், தின்னாமல் கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்தா எனக்குப் போன் பண்ணுங்க. எந்நேரமா இருந்தாலும் பரவாயில்லை. தனியா உக்காந்து அழாதீங்க. நான் வந்துடறேன்."

"வராமலே போயிட்டா?"

எட்டு மாதமாக யாரிடமும் கேட்காததை அவர் கேட்டுவிட்டார். கேட்டபோது அவர் குரலில் ஒன்றும் இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் மகளுக்குப் புரிந்தது. அவள் எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பவும் வர்றேன்" என்றாள்.